கோத்தகிரி பாட்டியின் ஜெர்மன் பொம்மைக்கு மொஹேர் முடி: ஒரு நிகழ்வு ஆய்வு

பொம்மை வந்த நிலை

தலையில் சுற்றியிருந்த மல் துணியை அவிழ்த்ததும், துணியோடு முடியும் கழன்று வந்துவிட்டது. மேசைமேல் தவிட்டு நிறத்தில் பொடி உதிர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாம் அந்துப்பூச்சியின் வேலை. புழு தின்று விட்டுப்போன எச்சம், நடுநடுவே அரிசி நீளத்தில் கூட்டுக் குழல்கள். முடியின் முக்கால் பாகம் போயே போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு வலைத்துணித் தொப்பியும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த சில கொத்துகளும்தான்.

பொம்மை 45 சென்டிமீட்டர் உயரம், தலைச் சுற்றளவு 27 சென்டிமீட்டர். பளபளப்பு ஏற்றாத பீங்கான் தலை, படுக்க வைத்தால் மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கண், மரத்தூளும் கோந்தும் கலந்து அழுத்திச் செய்த உடம்பு. பின்மண்டையில் நாட்டின் பெயர் ஜெர்மனி என்றும், அச்சு எண் 390 என்றும், ஏ.எம். என்ற எழுத்துகளும் பதிந்திருந்தன. துரிங்கியாவில் சோன்னபெர்க் ஊரை ஒட்டிய கோப்பெல்ஸ்டார்ஃபில் இருந்த ஆர்மண்ட் மார்செய் ஆலையின் அடையாளம் அது. 1900 வாக்கில் தொடங்கிய 390ஆம் அச்சில் பல ஆண்டுகள் தலைகளை வார்த்துத் தள்ளினார்கள். ஆகவே இது அபூர்வப் பொருள் இல்லை. சேகரிப்பாளர் சந்தையில் பெரிய விலையும் போகாது.

இதன் மதிப்பெல்லாம் சொந்தக்காரரிடம்தான் இருந்தது. அவருக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய அம்மா ஒரு தேயிலைத் தோட்டத் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். அந்தக் குடும்பம் கப்பலேறியபோது விட்டுப்போன பொம்மை இது. "தேன் கலர்ல சுருட்டை முடி கண்ணு அதுக்கு, தோள்ல வந்து விழும். அதை மட்டும் எப்படியாவது பண்ணிக் குடுத்துடு" என்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தது. பேத்தி முடி வெட்டியபோது எடுத்து வைத்த ஜடை. அதையே பொம்மைக்கு வைத்துத் தைத்துவிடலாமா என்று கேட்டார்.

மனித முடி ஏன் ஒத்துவரவில்லை

முடியாது என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்திலேயே பொம்மைகளுக்கு மனித முடி வைத்தவர்கள் உண்டு. அதனால் ஜடையிலிருந்து சிறு கற்றை பிரித்து, பொம்மையின் நெற்றிமேல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு இழையும் கம்பிபோலத் தனியாகத் தெரிந்தது. தோளில் விழ வேண்டிய முடி தோளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

காரணம் எளிய கணக்கு. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் 110 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 45 சென்டிமீட்டர் பொம்மை அதில் சுமார் இரண்டரையில் ஒரு பங்கு. குழந்தையின் முடி 60 மைக்ரான் தடிமன் என்றால், பொம்மைக்குப் பொருந்துவது 25 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடுப்பு, செருப்பு, பொத்தான் எல்லாவற்றையும் பொம்மை அளவுக்குச் சுருக்குகிற நாம் முடியை மட்டும் சுருக்க மறந்துவிடுகிறோம். புதிதாகப் பொம்மைக்கு முடி வைப்பவர்கள் நிறத்தையும் நீளத்தையும்தான் முதலில் பார்க்கிறார்கள். தடிமனைப் பார்த்துவிட்டு மற்றதற்கு வர வேண்டும் என்பேன். இந்த வேலையில் பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது.

பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஜடையை எடுத்து மறுபடியும் பொட்டலத்தில் மடித்துக்கொண்டார்.

பழைய முடி சொன்ன சேதி

மிச்சமிருந்த கொத்துகளில் ஓர் இழையைத் தீயில் காட்டினேன். முடி கருகும் வாடை வந்தது, சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியானது. சரி, விலங்கு இழைதான். கம்பளியில் இருக்கும் பொடிநெளிவு இதில் இல்லை. பட்டுப்போல ஒளியை ஒரே வீச்சில் திருப்பியது. மொஹேர் என்று அடையாளம் காண இது போதும். அந்தக் கால ஜெர்மன் பொம்மைகளுக்கு வழக்கமாக வைத்ததும் அதுதான்.

மொஹேர் என்பது அங்கோரா வெள்ளாட்டின் முடி. அங்கோரா என்பது துருக்கியின் இன்றைய அங்காரா நகரம். 'முகய்யர்' என்ற அரபுச் சொல் வழியாகப் பெயர் வந்தது, தேர்ந்தெடுத்தது என்று பொருள். துருக்கியை விட்டு அந்த ஆடுகள் 1838இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போயின. இன்று உலகத்தில் அதிக மொஹேர் வருவது அங்கிருந்துதான். அங்கோரா முயல் என்று வேறொன்றும் இருக்கிறது. அதன் முடிக்குத்தான் 'அங்கோரா' என்ற பெயர். கடைக்காரர்களே இரண்டையும் குழப்புகிறார்கள். முயல் முடி மிக மெல்லியது, குட்டையானது, பஞ்சுபோலப் பறப்பது. விக்குக்கு உதவாது.

தொப்பியில் ஒரு மடிப்புக்குள் வெளிச்சமே படாத சிறு கொத்து சிக்கியிருந்தது. வெளியே இருந்தவை வெளிறி வைக்கோல் நிறமாகிவிட்டன, அது மட்டும் சிவப்போடிய தேன் நிறத்தில் இருந்தது. பாட்டியின் நினைவு சரிதான்! ஒன்பது வரிசையாகத் தைத்திருந்தார்கள், வரிசைக்கு வரிசை சுமார் ஒரு சென்டிமீட்டர். இந்த அளவுகளை எல்லாம் வரைந்து வைத்துக்கொண்டு, பழைய தொப்பியையும் உடுப்பையும் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றில்லாமல் மூடி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வைத்தேன். முட்டை, புழு இரண்டும் செத்துவிடும். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது, குளிர்ந்த துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும். தலையையும் உடம்பையும் உறைய வைக்கவில்லை. அந்தக் கலவை உடம்பு விரிந்து சுருங்கினால் மேல்பூச்சு வெடிக்கலாம். மென்தூரிகையால் தட்டித் துப்புரவு செய்ததோடு சரி.

எந்த இழை?

மொஹேர் என்று தெரிந்த பிறகும் மற்றவற்றைச் சோதித்துப் பார்த்தேன். நல்ல மொஹேர் கிடைப்பது சுலபமில்லை. பக்கத்திலேயே ஒன்று கிடைத்தால் அதை விட்டுவிட்டுக் கடல் தாண்டித் தேடுவது ஏன் என்ற எண்ணம்தான்.

பக்கத்தில் இருந்தது நீலகிரி செம்மறி. மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டுச் செம்மறிகளின் ரத்தம் கலந்து இந்த மலையிலேயே உருவான ஆடு. சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் பேணுகிறார்கள். தமிழ்நாட்டுச் செம்மறிகளில் இவ்வளவு மென்மையான கம்பளி வேறெதிலும் நான் தொட்டதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டின் கம்பளி இதற்கு முன்னால் சொரசொரப்பு. ஆனால் நான் எடுத்துப் பார்த்த கற்றைகள் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் இருந்தன. ஒளியை வாங்கிக்கொள்கிறதே தவிரத் திருப்புவதில்லை. துணிப் பொம்மைக்கு, ஊசியால் குத்திப் பதிக்கும் கம்பளிப் பொம்மைக்கு அருமையான சரக்கு. பீங்கான் முகத்துக்குப் பக்கத்தில் மங்கித் தெரிந்தது. விட மனமில்லாமல்தான் விட்டேன்.

மெரினோ சீவல் நாடாவாகக் கிடைத்தது. இருபது மைக்ரான் அளவு, தடிமன் பொருந்தும். ஆனால் நுண்நெளிவு அதிகம், எப்படி வாரினாலும் மேகம்போல உப்பிக்கொண்டு நிற்கும். அல்பாகா என்பது ஒட்டகக் குடும்பத்துத் தென்னமெரிக்க விலங்கு; அதன் முடியில் சூரி வகை என்னை ரொம்பவே மயக்கியது. ஹுவகாயா வகை பஞ்சுபோல, சூரி கயிறுகயிறாகத் தொங்கும், கையில் வழுக்கும். நேர்முடிப் பொம்மை என்றால் யோசிக்காமல் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் ஈரத்தில் சுருட்டிக் காயவைத்த சுருள் இரண்டாம் நாளே தளர்ந்துவிட்டது. பாட்டி கேட்டது சுருட்டை. இங்கிலாந்தின் வென்ஸ்லிடேல் போன்ற நீள்முடிச் செம்மறிகளின் சுருள்கற்றைகள் நல்ல மாற்று, நீளம் இருபது சென்டிமீட்டருக்கு மேலும் வரும். ஆனால் தடிமன் மொஹேர்க் குட்டி முடியைவிடக் கூடுதல். அறுபது எழுபது சென்டிமீட்டர் பொம்மை என்றால் பொருந்தும்.

மொஹேரிலும் வயது முக்கியம். ஆடு மூப்பேற ஏற முடி தடிக்கும். குட்டியின் முடி 30 மைக்ரானுக்குக் கீழே, முதிர்ந்த ஆட்டில் 40 வரைக்கும் போகும். மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். அதாவது ஒரு வெட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர். எனக்கு வேண்டியதோ பதினெட்டு. கத்தரிப்பைத் தள்ளிப்போட்டு வளரவிட்ட இளம் ஆட்டின் கழுவாத கற்றையாகத் தேடி வரவழைத்தேன், 80 கிராம்.

இதற்கு முன்னால் 'மொஹேர்' என்று எழுதியிருந்த நூல்கண்டு ஒன்றைக் கடையில் வாங்கி ஏமாந்தேன். தீயில் காட்டியதும் உருகி, கறுப்பு மணியாக உறைந்தது. பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழை. லேபிளை நம்ப வேண்டாம், ஓர் இழையை எரித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018இல் தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் ஆடுகளைக் கத்தரிக்கும்போது நடந்த கொடுமைகளைக் காட்டும் காட்சிகள் வெளிவந்தன. அதன் பின் 2020இல் பொறுப்பான மொஹேருக்கான தரநிலை ஒன்று வந்தது. அந்தச் சான்று உள்ள பண்ணையா, அல்லது பெயர் சொல்லி ஆடு வளர்க்கும் சிறு பண்ணையா என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். ஒரு பொம்மையின் தலைக்காக ஓர் ஆடு வதைபடுவதை என்னால் ஏற்க முடியாது.

கழுவியது, முதலில் கெடுத்தது

முதல் ஐந்து கிராமைக் கெடுத்தேன். சூடான சோப்பு நீரில் நன்றாக அழுக்கு விட்டது. சந்தோஷத்தில் எடுத்து நேராகக் குழாய்த் தண்ணீரில் காட்டி அலசினேன். குன்னூர்க் குழாய்த் தண்ணீர் 18 டிகிரிதான் இருக்கும். கற்றை சுருங்கி, நுனிகள் ஒன்றோடொன்று பின்னி, நடுவில் அடையாக இறுகிவிட்டது. விலங்கு முடியின் மேல் மீன் செதில்போல அடுக்கு உண்டு. சூடும் சோப்பும் அசைவும் சேர்ந்தால் இழைகள் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும், திடீர்க் குளிர்ச்சி அதை இன்னும் இறுக்கும். மொஹேரின் செதில் மெலிந்து தட்டையாகப் படிந்திருப்பதால் கம்பளியைவிடக் குறைவாகச் சிக்கும். அந்தப் பளபளப்புக்கும் அதுதான் காரணம். குறைவாகச் சிக்கும் என்றால் சிக்கவே சிக்காது என்று நான் எடுத்துக்கொண்டது தப்பு.

இரண்டாம் முறை முறையாகச் செய்தேன். முதல் வேலை, கற்றைகளை வேர்ப்பக்கம் ஒரே திசையில் வைத்து, பத்துப் பத்தாக வேர்ப்பக்கத்தில் வெள்ளை நூலால் தளர்வாகக் கட்டியது. கத்தரித்த வெட்டு முனை வேர், சுருண்டு மெலிந்தது நுனி. இதைக் கடைசிவரை மாற விடக் கூடாது. திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கை முடியை வேர், நுனி மாறாமல் சேர்த்தால் தனி விலை, சீப்பில் உதிர்ந்த கழிவு முடிக்கு வேறு விலை என்பது சவுரித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். செதில்கள் எதிரெதிராகப் படுத்தால் சிக்கு நிச்சயம். ஆட்டு முடிக்கும் அதே நியாயம்தான்.

கட்டிய கற்றைகளை வலைப்பையில் போட்டேன். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதி கொதிநீர், பாதி குழாய் நீர் கலந்தால் 56 டிகிரி வாக்கில் நிற்கிறது, எனக்கு அது போதுமானது. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு ஸ்பூன். துணிக்குப் போடும் பவுடர் வேண்டவே வேண்டாம். அது காரம், முடியைச் சொரசொரப்பாக்கும். பலவற்றில் புரதத்தைத் தின்னும் நொதியும் சேர்த்திருப்பார்கள், முடியே புரதம்தான். பையை அமிழ்த்தி இருபது நிமிடம் கை வைக்காமல் விட்டேன். கலக்கவில்லை, பிசையவில்லை. ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த பிசுக்கு மறுபடி முடியிலேயே படியும். இதேபோல இரண்டு சோப்பு முக்கல், இரண்டு அலசல், எல்லாம் ஒரே சூட்டில். கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர். பூந்திக்கொட்டையிலும் கொஞ்சம் கழுவிப் பார்த்தேன். முடி மிக மென்மையாக வந்தது, ஆனால் இளம்பழுப்பு ஏறியது. அடர் நிறம் ஏற்றப்போகிறோம் என்றால் தாராளமாக அதையே பயன்படுத்தலாம்.

கெட்டதைக் கழித்து 75 கிராம் கழுவியதில் காய்ந்த பிறகு 61 நின்றது. அதைச் சீவியபோது இன்னும் குறைந்தது. நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேருக்கு வர வேண்டும். முதலில் சிணுக்கோலியால் சிக்கைப் பிரித்து, அகலப்பல் சீப்பு, கடைசியில் பேன் சீப்பு. பேன் சீப்பில் குட்டை முடியும் தூசும் தடித்த வெண்ணிற ரோமங்களும் வந்துவிடும். அந்தத் தடித்த ரோமம் உள்ளே கூடு விழுந்தது, சாயம் சரியாகப் பிடிக்காது, சுருளிலும் நிற்காது. இரண்டு மாலை முழுக்க இதற்கே போனது. கையில் நின்றது 42 கிராம்.

நிறமும் சுருளும்

மலையில் இருந்துகொண்டு தேயிலைச் சாயம் போடாமல் இருப்பதா என்று பலர் கேட்டார்கள். போட்டுப் பார்த்தேன், சேறு படிந்ததுபோல மங்கலாக வந்தது. மொஹேரின் ஒளியை மறைக்கிற எந்தச் சாயமும் எனக்கு வேண்டாம். வினிகர் சேர்த்த அமிலச் சாயத்துக்கு வந்தேன். பொன்மஞ்சள் மூன்று பங்கு, பழுப்பு இரண்டு பங்கு, மொத்தமே 0.2 கிராம். ஈரக் கற்றைகளை இளஞ்சூட்டில் இறக்கி, நாற்பது நிமிடத்தில் 85 டிகிரிக்கு ஏற்றி, அரை மணி நேரம் நிறுத்தி, அதே நீரில் ஆறவிட்டேன். கொதிக்க விடவில்லை. வெயில் பட்ட நுனிகள் சாயத்தை அதிகம் குடித்துக் கொஞ்சம் அடர்ந்தன. உண்மையான குழந்தை முடியில் நுனி வெளிறித்தான் இருக்கும், இங்கே தலைகீழ். நுனியில் ஒரு சென்டிமீட்டரை வெட்டிக் கழித்ததும் கண்ணுக்கு உறுத்தவில்லை. மடிப்புக்குள் கிடந்த பழைய கொத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். புதியது கொஞ்சம் வெளிறியிருந்தது. அதை அப்படியே விட்டேன், நூறாண்டு முகத்துக்குப் புத்தம்புது அடர் நிறம் ஒட்டாது.

பிறகு தையல். கற்றையின் வேரை இரண்டு டிஷ்யூ தாளுக்கு நடுவே பரப்பி, மெஷினில் பொடித் தையலாக இரண்டு ஓட்டம், தாளைக் கிழித்தால் முடி விளிம்பு கட்டிய நாடாவாக வரும். பொம்மைத் தலைக்குப் பாலித்தீன் சுற்றி, அதன்மேல் இரண்டு மடிப்பு மல் துணியில் தொப்பி. தொப்பிக்குக் கஞ்சி போடவில்லை, பூச்சிக்கு விருந்து வைக்க வேண்டாம் என்று. கஞ்சியில் புத்தக பைண்டர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் செம்புச் சத்து வெளிர் முடியைப் பச்சையாக்கிவிடும். கழுத்தோரம் தொடங்கி மேலே மேலே, பழைய தொப்பியில் எண்ணிய அதே ஒன்பது வரிசை. 33 கிராம் செலவானது.

சுருளுக்குத் தென்னை ஈர்க்கை நான்கு நான்காகச் சேர்த்துக் கட்டினால் பென்சில் கனம் வரும். நனைத்த கற்றையை நுனியிலிருந்து சுற்றி, பருத்தி நூலால் கட்டினேன். முடிக்குள் நீர் தளர்த்திய பிணைப்புகள் காயும்போது புதிய வடிவத்தில் பிடித்துக்கொள்ளும். எனவே முழுக்கக் காய வேண்டும். மழைக்காலம், இரண்டரை நாள் ஆனது. பதினான்கு சுருள்கள். அவிழ்த்த முதல் சுருள் விரலை விட்டதும் தோளுக்கு மேல் துள்ளி நின்றது, ஜன்னல் வெளிச்சம் அதன் வளைவில் மட்டும் கோடாக ஓடியது.

தலையில் பொருத்த நான்கே புள்ளிகளில், தண்ணீரில் கரையும் பசை. நாளைக்கு வேறொருவர் கழற்ற வேண்டி வந்தால் ஈரத்துணி போதும். பீங்கானுக்கு நீர் ஆகாதது இல்லை, ஆனால் உள்ளே கண்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டர் நனையக் கூடாது. அதனால்தான் புள்ளிபுள்ளியாக.

எட்டு மாதம் கழித்து

பொம்மையைக் கொடுத்தபோது பழைய தொப்பியையும் கொத்துகளையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும், அந்துருண்டை முடியில் படக் கூடாது, சீப்புப் போடவே கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒரு மழைக்காலம் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பூச்சி இல்லை. நிறம் அப்படியே இருந்தது. வலப்பக்கம் மூன்று சுருள்கள் தளர்ந்து அலையாகியிருந்தன.

"சீவினீங்களா பாட்டி?"

"ஒரே ஒரு தடவை கண்ணு. சின்ன வயசுல தினமும் சீவுவேன், கை சும்மா இருக்கல."

அலமாரியிலிருந்து அந்த உறையை எடுத்து வந்தார். சீப்போடு வந்த முடி, பதினைந்து இருபது இழை இருக்கும், அதில் இருந்தது. வேர்ப்பக்கம் எது என்று பார்த்து, அந்தப் பக்கத்திலேயே வெள்ளை நூலால் கட்டி வைத்திருந்தார்.

தளர்ந்த மூன்றையும் அங்கேயே நனைத்து, அவர் வீட்டுத் துடைப்பத்து ஈர்க்கில் சுற்றிவிட்டு வந்தேன்.